சூரிய அடுப்புக்கு மஞ்சள் பூசின கதை

எனக்கு எழுபத்தஞ்சு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது ஆறு (நாத்தனார் பிள்ளைங்க ரெண்டும் என் கைச்சோறுதான்). என் பேரை எழுதுவேன், பஸ்ஸு போர்டு படிப்பேன், அவ்வளவுதான் படிப்பு. ஆனா பல நாட்டு ஆளுங்க நெத்தியில மஞ்சள் பூசின கை இது. இந்தக் கடலோரத்துல இன்னொருத்தி இருந்தா வரச் சொல்லுங்க.

சுனாமிக்கு அப்புறம் நடந்தது. புதுப்பட்டினத்துக்குப் பக்கம் எங்க குப்பம். கடலை மறிக்கச் சவுக்கு நட்டாங்க; நாங்க அதையே ஒடிச்சு அடுப்பெரிச்சோம். அதைப் பார்த்து நாலு நாட்டுக்காரங்க சேர்ந்து ஒரு சூரிய அடுப்பு கொடுத்தாங்க. கருப்புப் பெட்டி, கண்ணாடி மூடி, வெயிலை உள்ளே திருப்ப முகம் பார்க்கிற கண்ணாடி ஒண்ணு. மகளிர் குழுத் தலைவி நானு, அதனால பெட்டி என் வாசல்ல.

உலகம் சூடாவுறதைப் பத்தி மாமல்லபுரத்துல மீட்டிங். வந்தவங்க என் வூட்டுல சாப்பிட்டுப் பார்ப்பாங்களாம். சோறு வெந்தா வீட்டுக்கு வீடு அடுப்பு. வேகலைன்னா பெட்டி வேற ஊருக்கு. புகையில இருமிகினே கிடந்த என் மூத்த மருமகளுக்காக எனக்கு அந்த அடுப்பு வேணும்.

முந்தின நாள் வரைக்கும் சோறு பூவா வெந்தது. அன்னிக்குப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கல. விருந்தாளி பார்க்கிற பொருளை மூளியா வைக்கலாமா? புது வண்டிக்குச் செய்யறதுதானே! ரெண்டு கண்ணாடியிலயும் மஞ்சளைக் குழைச்சு அப்பி, குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டேன். மாரியாத்தா மாதிரி ஜொலிச்சுது.

வேன் வந்தது. வெள்ளைக்காரங்க ரெண்டு பேரு, ஜப்பான் அம்மா, பனைமரமாட்டம் ஆப்பிரிக்காக்காரர், அப்புறம் ஏதோ தீவுக்காரப் பொண்ணு (அவங்க ஊரையும் கடல் தின்னுதாம், பாவம்). வெயில் மண்டையைப் பொளக்குது. மூடியைத் திறந்தா அரிசி அப்படியே ஊறிகினு கீது.

என் நாத்தனார் தனம் சும்மா இருப்பாளா? "இன்னா அண்ணி, சோறா, இட்லிக்கு ஊறப்போட்டியா?"

வந்தவங்க ஆளுக்கொரு பாஷையில பேசி, பெட்டியைக் கிழக்கே ஒருத்தர் திருப்பினா மேற்கே ஒருத்தர் திருப்பினாங்க. மஞ்சளைப் பார்ப்பாங்க, என்னைப் பார்த்துக் கும்பிடுவாங்க, ஆகாசத்தைப் பார்ப்பாங்க.

மொழி மாத்திச் சொல்ல வந்த கோமதி டீச்சரைக் கேட்டேன். "இன்னா சொல்றாங்க?"

"அழகா இருக்குதாம்மா."

"அது கிடக்கட்டும், ஏன் வேகலையாம்?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினாங்க. "மஞ்சள் வெயிலை மறைக்குதும்மா. அது எல்லாருக்கும் தெரியுது. சாமி சமாச்சாரமாச்சேன்னு யாரும் தொட மாட்றாங்க. நீ சொல்லு, நீ சொல்லுன்னு நிக்கிறாங்க."

எனக்குப் பக்குனு ஆச்சு. வச்ச குங்குமத்தைச் சுமங்கலி அழிக்கிறதா? என் வீட்டுக்காரரோ கடல் மேல (அவர் திரும்பி வரணுமா வேணாமா?). உள்ளே குழம்பு வைக்கிற மருமக அந்த நேரம் பார்த்து இருமினா.

சட்டுனு தோணுச்சு. அழிக்கத்தானே கூடாது, எடுத்து இட்டுவிடலாமே!

கையை நனைச்சேன். "வாம்மா"ன்னு தீவுக்காரப் பொண்ணை இழுத்து நெத்தி நிறையப் பூசினேன். அடுத்து வெள்ளைக்காரங்க. மஞ்சள் தீரல. ஜப்பான் அம்மாவுக்குக் கன்னம், முழங்கை. வேன் டிரைவருக்கு வழுக்கை முழுக்க. "ஐயோ, என்னை விடு அண்ணி!"ன்னு ஓடின தனத்தையும் விடல. மாலை ஆப்பிரிக்காக்காரர் கழுத்துக்குப் போச்சு. கண்ணாடி பளிச்சுனு ஆச்சு.

பொழுது சாயறதுக்குள்ள சோறு வெந்துடுச்சு (கொஞ்சம் குழைவு). நெத்திலிக் குழம்பை ஊத்தி, மஞ்சள் மூஞ்சிங்க எல்லாம் கைவிரல் நக்கிச் சாப்பிட்டுது. வீட்டுக்கு வீடு அடுப்பும் வந்தது. மருமக இருமலும் குறைஞ்சது. என் வீட்டுக்காரரும் கரைக்கு வந்துட்டார்.

இன்னிக்கும் மிக்ஸி ஓடலைன்னா பேரப்பிள்ளைங்க, "இட்டுவிடு ஆயா"ன்னு நெத்தியை நீட்டுதுங்க. உலகத்துச் சூட்டைக் குறைக்க நாடெல்லாம் கூடிப் பேசறதை டிவியில காட்டினா, மருமக அடுப்படியிலேர்ந்தே கத்துவா: "அத்தை, திரும்பவும் மஞ்சளைப் பார்த்துகினு நிக்கிறாங்க, கிளம்புங்க!"

எங்கே பாப்பா, நான் சொல்லச் சொல்ல நீ இதுவரைக்கும் எழுதினதைப் படி. என் தப்புன்னு எங்கேயாவது எழுதியிருந்தா அதை மட்டும் அடிச்சுடு.