பால்மா டின்னும் என் நாக்கும்

என் நாக்கை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவில் இன்றும் உறுதியாக நிற்கிறேன். நடந்ததைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

நான் பக்கீர் முகைதீன். கல்முனைக் கடைத்தெருவில், ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாறன் விற்கிறேன். பிறந்தது பாலமுனை. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனவ்வறாவின் வீட்டுக்கு வந்தவன்தான். வீடு அவளுடைய சீதனம். கதிரை அவளுடையது. கோழி அவளுடையது. வாசலில் நிற்கும் முருங்கைகூட அவளுடைய வாப்பா நட்டது. அந்த வளவுக்குள் எனக்கென்று இருந்தது இந்த நாக்கு மட்டும்தான். அதிலும் கிளினிக் டொக்டர் கை வைத்துவிட்டார்.

சீனி வருத்தம் என்றார். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி போடுகிறவன் நான். வீட்டுக்கு வந்ததும் முனவ்வறா சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பு அவளுடைய இடுப்பில் ஏறியது. கடைத்தெருத் தேத்தண்ணிக் கடைகளுக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

"இனி இந்த வீட்டுத் தேத்தண்ணிக்குச் சீனி இல்ல" என்றாள்.

"இது என்ட நாக்கு."

"நாக்கு உங்கட. தேத்தண்ணி என்ட."

சட்டம் வீட்டில் எல்லாருக்கும் பொது. பின்னேரம் தவறாமல் வந்து உட்காரும் அவளுடைய தம்பி றாஸிக் கூட வெறும் பால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அந்த நேரத்தில்தான் ஆயுதம் கிடைத்தது. மகள் ஹிமாயா சனி ஞாயிறில் உளவியல் டிப்ளோமா படிக்கிறாள். உம்மா தேங்காய் துருவ, இவள் குசினியில் நின்று பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுத் தூங்கப் போவாள். ஒரு நாள் அதைப் புரட்டினேன். முதலில் மூளை. முந்திரிப் பருப்பைப் பெரிதாக்கி வரைந்ததுபோல ஒரு படம். பிறகு கண், காது, மூக்கு, நாக்கு. நாக்கில் நின்றுவிட்டேன்.

மாற்றம் மிகச் சிறிதாக இருந்தால் புலன்களுக்கு அது தெரியவே தெரியாதாம். நெல் மூட்டையைச் சுமந்து நிற்பவனின் மூட்டைக்குள் ஒரு பிடி நெல்லைப் போட்டால் அவனுக்குத் தெரியவா போகிறது? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த அத்தியாயம் ஆய்வு முறைகள். ஒரு படமும் இல்லை. நான் என்ன பரீட்சையா எழுதப் போகிறேன் என்று தாண்டிவிட்டேன்.

திட்டம் சுலபமானது. முனவ்வறா எந்தத் தேத்தண்ணியையும் கரண்டியால் ஒரு சொட்டு ருசி பார்த்துத்தான் நீட்டுவாள். அவளுடைய நாக்குக்குத் தெரியாமல் வேலை நடக்க வேண்டும். கடைத்தெருவில் ஐசிங் சீனி வாங்கினேன். வெள்ளை மா. பால்மாவோடு கலந்தால் அதைப் படைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அவள் கோழிகளுக்குத் தீன் போடப் போகும்போது பால்மா டின்னுக்குள் ஒரு சிட்டிகை. மறுநாள் கொஞ்சம் கூட. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து கோப்பையை வாயில் வைத்தேன். வந்துவிட்டது. மெல்லிய இனிப்பு. நாளாக நாளாக அது வளர்ந்தது. நானா விடுவேன்? சந்தேகம் வரக்கூடாது என்று இதெல்லாம் மனுசன் குடிக்கிற தேத்தண்ணியா என்று தினமும் சத்தம் போட்டேன். உள்ளே நாக்கு பெருநாள் கொண்டாடியது. முனவ்வறா ருசி பார்த்தாள், நீட்டினாள். றாஸிக் முகம் சுளிப்பதை நிறுத்திவிட்டு இரண்டாவது கோப்பை கேட்க ஆரம்பித்தான். என் சீனியை அவன் குடிப்பது வயிற்றெரிச்சல்தான். விஞ்ஞானத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த கிளினிக் வந்தது. டொக்டர் ரிப்போட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ரிப்போட்டைப் பார்த்தார். சீனி நன்றாகக் குறைந்திருக்கிறது, இப்படியே இருங்கள் என்றார். தினமும் சீனி குடிக்கிறவனுக்குச் சீனி குறைவதா?

தோல்வியைக்கூட மறைத்துவிடலாம். வெற்றியை மறைத்து வைத்திருப்பது பெரிய கஷ்டம். ஓட்டோவில் வரும்வரை பொறுத்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததும் வெடித்துவிட்டேன்.

"அந்த ரிப்போட் பொய். நான் இவ்வளவு நாளும் சீனித் தேத்தண்ணிதான் குடிச்சநான். பால்மாக்குள்ள நான்தான் சீனி போட்டநான்."

முனவ்வறா அலுமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து இன்னொரு பால்மா டின்னை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்க குடிச்சது இதில. இதுக்குள்ள சீனிட வாசமும் இல்ல."

"அப்ப நான் போட்ட டின்?"

"அது தம்பிக்கு. பால்மா விக்கிற விலைக்குக் கொட்டவா ஏலும்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாளே டின்னச் சுத்தி எறும்பு."

எறும்பு உளவியல் படிப்பதில்லை. அதனால் அதற்குச் சிறிய மாற்றமும் தெரிந்துவிடுகிறது.

ஹிமாயா நான் தாண்டிய அத்தியாயத்தை விரித்துக்கொண்டு வந்தாள். ஒரு குழுவுக்கு உண்மை மருந்து கொடுப்பார்களாம், மற்றக் குழுவுக்கு வெறும் மாக் குளிசை. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்களாம். மாக் குளிசை விழுங்கியவர்களிலும் சிலருக்கு நோவு குறைந்துவிடுமாம், நம்பிக்கையினால்.

"வாப்பா, மாமா ஒரு குழு, நீங்க மற்றக் குழு" என்றாள். "உம்மாதான் ஆய்வாளர்."

எனக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சீனியே இல்லாத தேத்தண்ணியையா நான் இத்தனை நாளும் சப்புக்கொட்டிக் குடித்தேன்? என் நாக்கை ஒருவராலும் ஏமாற்ற முடியாது என்று கத்தினேன். இப்போதே, எல்லாருக்கும் முன்னால், மூன்று கரண்டி போட்டுக் குடிப்பேன் என்றேன்.

முனவ்வறா தடுக்கவில்லை. இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

றாஸிக்கின் டின்னிலிருந்தே பால்மா எடுத்தேன். நானே ஊற்றினேன். மூன்று கரண்டி, அதுவும் குவித்து. தாயும் மகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மிடறு இறக்கினேன்.

வெறும் சீனிப் பாணி. தொண்டையில் ஒட்டியது. பல் கூசியது. இதையா நான் இத்தனை வருடமும் குடித்தேன்? ஆனாலும் பின்வாங்குகிற பரம்பரை இல்லை நாங்கள். கண்ணில் நீர் முட்ட, அடி மண்டி வரைக்கும் குடித்து முடித்தேன். "இதுதான் தேத்தண்ணி" என்று கோப்பையை ஓங்கி வைத்தேன். முனவ்வறா குசினிக்குப் போனாள்.

ஹிமாயா அறைக்குள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு மெதுவாகக் குசினி வாசலில் போய் நின்றேன்.

"இஞ்சாரு புள்ள. மற்ற டின்னில எனக்கு ஒண்டு ஊத்து."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏற்கனவே ஊற்றி மூடி வைத்திருந்தாள்.