பட்டனை அமுக்கும்மா

சட்டைப் பையிலேயே தங்கிவிட்ட கார் ரிமோட், வாஷிங் மெஷினில் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வந்தபோது சட்டையைவிடப் பளிச்சென்று இருந்தது. வேலைதான் செய்யவில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது.

சர்வேயர் கலங்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். எதையும் தானே செய்துகொள்ளலாம் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாக வீட்டில் ஓடாத மிக்ஸி ஒன்றும் மூடாத ஜன்னல் இரண்டும் இருந்தன.

சாவிக்கடையில் புது ரிமோட் வாங்கினார். காரோடு சேர்த்துப் பழக்கித் தரவா என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கடைக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, சாவியை எட்டு முறை திருப்ப வேண்டும். கதவுப் பூட்டுகள் தாமாக ஒருமுறை டக்கென்று விழுந்து எழும். உடனே ரிமோட்டின் பட்டனை அமுக்கினால் கார் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க சார். இந்தக் காருக்கு எத்தனை ரிமோட் இருக்கோ அத்தனையும் அப்பவே அமுக்கிடணும். அமுக்காததைக் கார் மறந்துடும்."

சர்வேயர் தாளை மடித்துப் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்தும் பிரிக்கவில்லை.

இன்னொரு ரிமோட் மகளிடம் இருந்தது. காரே அவளுடையதுதான். மூன்று வருடத்துக்கு முன் கடல் தாண்டி வேலைக்குக் கிளம்பிய அன்று அதை மேசைமேல் வைத்தாள். போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சீக்கிரம் வந்துவிடு என்றும் வரவில்லை. "அது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றுதான் வந்தது. அவளும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது வாரத்துக்கு நாலு வாக்கியம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, அங்க மழையா, இரு அம்மாகிட்ட தரேன்.

கூரியரில் அனுப்பச் சொல்லுங்களேன் என்றாள் மனைவி. வழியில் தொலைந்து போனால் என்று கேட்டார். அப்படியென்றால் கார் மறந்துவிட்டுப் போகட்டும், அவள் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அந்த 'வந்தால்' அவருக்குப் பிடிக்கவில்லை.

வழி சொன்னவர் மேல்மாடிக்காரர். ஒரு காலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவர். அதனால் அலைகளைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்று குடியிருப்பில் எல்லோரும் நம்பினார்கள், அவர் உட்பட. மகள் போனுக்குப் பக்கத்தில் ரிமோட்டை வைத்து அமுக்கட்டும், நீங்கள் இங்கே போனைக் காருக்குக் காட்டுங்கள், சிக்னல் தானாக வந்துவிடும் என்றார்.

ஞாயிறு காலை சர்வேயர் காருக்குள் உட்கார்ந்து மகளை அழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் எந்த ரிமோட் என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

"சரிப்பா. லைன்லயே இருங்க, எடுத்துட்டு வரேன்."

எட்டு முறை திருப்பினார். பூட்டுகள் டக்கென்றன.

"பட்டனை அமுக்கும்மா."

'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கடல் தாண்டி வந்தது. போனை ஸ்டீயரிங்குக்குக் காட்டினார். கார் கண்டுகொள்ளவில்லை. முதலில் மகளுடையது பதியட்டும், பிறகுதான் தன்னுடையது என்று புது ரிமோட்டை அவர் தொடவே இல்லை.

போன் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும் என்றார். ஆறும்வரை என்ன பேசுவது? அவள் தன் அறை ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். எதிரே ஒரு சுவர் மட்டும் தெரியுமாம். சுவருக்கும் ஜன்னலுக்கும் எத்தனை அடி என்று கேட்டார். தெரியாது, அளந்து சொல்கிறேன் என்றாள்.

அடுத்த ஞாயிறு காரின் கதவுப் பூட்டு இறுகியிருந்தது. சமையல் எண்ணெய் ஊற்றினார். அதற்கடுத்த வாரம் எண்ணெயும் தூசியும் சேர்ந்து சாவி உள்ளேயே நுழையவில்லை. டிக்கி மட்டும் திறந்தது. அறுபத்து மூன்று வயதில் டிக்கி வழியாகப் புகுந்து, பின் சீட்டைத் தாண்டி, ஸ்டீயரிங்குக்குத் தவழ்ந்து போனார். அவர் மகளை அழைத்த நேரத்தில், திருடன் என்று நினைத்துக் கார் அலறியது. குடியிருப்பு மொத்தமும் பால்கனிக்கு வந்தது.

"என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. பக்கத்து வீட்டுக் கார்."

எத்தனை அடி என்று கேட்டார். ஜன்னலிலிருந்து சுவருக்குப் பதினோரு அடியாம். அலுவலகத்தில் தனியாகச் சாப்பிடுவதை அவள் சொன்னது அன்றுதான். முழங்கால் வலியை அவர் சொன்னதும் அன்றுதான். மனைவி டிக்கிக்குள் தலையை நீட்டி டீ டம்ளரைக் கொடுத்துவிட்டு, எட்டி நின்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பூட்டைச் சரிசெய்ய வந்த சாவிக்கடைக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

"சார், போன்ல குரல்தான் போகும். ரிமோட் சிக்னல் போகாது. நூறு வருஷம் அமுக்குனாலும் போகாது."

சர்வேயர் தலையாட்டினார். பூட்டை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் டிக்கி வழியாக உள்ளே போய் மகளை அழைத்தார். அங்கே விடியக்கூட இல்லை. முதல் மணி அடித்து முடியும் முன்பே எடுத்தாள்.

"பட்டனை அமுக்கும்மா."

டிக்.

"இன்னிக்கும் ஆகலியாப்பா?"

"கிட்டத்தட்ட வந்துடுச்சு."

பெற்ற பெண்ணிடம் பொய் சொல்கிறோமே என்று உள்ளுக்குள் குறுகுறுத்தது. ஆனாலும் இன்னும் ஐந்து ஞாயிறு சொன்னார். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசியதில் ஆறாவது ஞாயிறு பேட்டரியும் செத்தது. மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். ஒன்று கூரியர், இல்லையென்றால் காரை விற்றுவிடலாம் என்றாள்.

இனி மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ரிமோட்டை அனுப்பச் சொல்லிவிடுவோம் என்று அழைத்தார். எடுத்தது மகளின் அறைத்தோழி. மகள் குளிக்கப் போயிருக்கிறாள் என்றாள்.

மகளிடமே ஒப்புக்கொள்வதைவிட இது சுலபமாக இருந்தது. போனில் சிக்னல் வராது என்று தனக்கு ஒன்றரை மாதமாகவே தெரியும், அவளிடம் பேச வேண்டுமென்றுதான் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அவள் மேசையில் கார் ரிமோட் இருக்கும், அதைப் பத்திரமாகக் கூரியரில் போடச் சொல்லம்மா என்றார்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கிள், அதை இங்க வந்த முதல் வாரமே பஸ்ல தொலைச்சுட்டா, நீங்க கூப்பிடுறப்பல்லாம் அவ அமுக்குறது என் பால்பாயிண்ட் பேனாவை."