இனிஷியல் முன்னாலா, பின்னாலா?

"இப்படி ஒருவர் இங்கு இல்லை" என்று மூன்றாவது முறையாகச் சிவப்பு எழுத்தில் சொன்னது கம்ப்யூட்டர். வெப்சைட்காரர் முதுகில் வியர்வை அருவியாய்க் கொட்டியதைப் பார்த்து ஏ.சி.யே வெட்கப்பட்டு ஒருதரம் நின்று ஓடியது.

சொன்னது யாரைப் பார்த்து? புது மேனேஜரைப் பார்த்து! லிஃப்ட் கதவு திறந்ததும் திறக்காததுமாக, "புது மேனேஜர்தானே சார்? வாங்க, வாங்க!" என்று கேட்டு, அவர் தலையாட்டியதுதான் தாமதம், வாயைத் திறக்கவிடாமல் இழுத்து வந்து உட்கார வைத்தவர் வெப்சைட்காரர்தான்.

அவர் அவசரம் அவருக்கு. ஆபீஸ் வெப்சைட் அவர் பொறுப்பு. ஊழியர்கள் அத்தனை பேரின் விவரமும் மத்திய டைரக்டரியில் இருக்கிறது. இனிமேல் யார் வந்தாலும் வெப்சைட் அந்த டைரக்டரியைக் கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும். இந்த இணைப்பு இன்று மேனேஜர் கண்முன் வேலை செய்யாவிட்டால் வெப்சைட் வெளியாள் கைக்குப் போய்விடும். இவர் கிடங்குக்குப் போய் உடைந்த நாற்காலிகளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

"என்னய்யா, நான் இல்லவே இல்லைங்குது?"

"இனிஷியல் தகராறு சார். நீங்க முன்னால போடுறீங்க, டைரக்டரி பின்னால வச்சிருக்கும்."

பின்னால் போட்டார். இல்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாகப் போட்டார். மகனோடு சேர்ந்து அப்பாவும் இல்லாமல் போனார்.

வெப்சைட்காரர் டைரக்டரி அக்காவிடம் ஓடினார். டைரக்டரியைக் கட்டி ஆள்பவர் அவர். அதில் ஒரு கமா இடம் மாறினாலும் மூன்று நாள் சாப்பிட மாட்டார்.

"அக்கா, மேனேஜரைச் சேர்க்க மறந்துட்டீங்களா?"

அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "காலையில முதல் வேலையா அவரைத்தான் ஏத்தினேன் தம்பி. என் டைரக்டரியில இல்லாதவர் இந்த ஆபீஸ்லயே இல்லாதவர்!"

"அப்ப ஏன் இல்லைங்குது?"

"உன் வெப்சைட்டுக்குக் காது கேக்கல. போய் அதைப் பாரு."

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று முடிவுகட்டிய வெப்சைட்காரர், 'பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும், பாஸ்வேர்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நிபந்தனையைத் தளர்த்தினார். கதவு திறந்தது!

மேனேஜர் திரையை உற்றுப் பார்த்தார். "மாமியார் தவறிட்டாங்கன்னு லீவு கேட்டிருக்கேனே? நானா கேட்டேன்?"

"ஐயோ, அது தபால் பிரிவு கிளார்க் சார்! பேர் கொஞ்சம் ஒத்துப்போயிடுச்சு..."

"போன தடவையும் மாமியார். அதுக்கு முந்தியும் மாமியார். இந்தாளுக்கு எத்தனை மாமியார்யா?"

பக்கத்து மேஜையிலிருந்த அந்த கிளார்க், விழாத பேனாவைத் தேடிக்கொண்டு மேஜைக்கடியில் போனார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன். அதுக்கப்புறம் நான் கிளம்பிடுவேன்" என்றார் மேனேஜர்.

வெப்சைட்காரர் கண்ணுக்குள் உடைந்த நாற்காலிகள் ஊர்வலம் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: 'டைரக்டரி இல்லை என்று சொன்னாலும் உள்ளே விடு!'

மேனேஜர் மேனேஜராகவே நுழைந்தார். கூடவே உலகமும் நுழைந்தது. தண்ணீர் கேன் போட வந்தவர் தலைமைக் கணக்காளராக உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் வெளியே வந்தார். மேஜைக்கடியிலிருந்து எழுந்த கிளார்க் மேனேஜராக நுழைந்து, தன் மாமியார்கள் அத்தனை பேரையும் வரிசையாக லீவுக்கு ஒப்புதல் கொடுத்து அடக்கம் செய்து முடித்தார்.

"என் டைரக்டரியை மதிக்காம யாரையெல்லாம்டா உள்ள விடுறே?" என்று அக்கா அலறியது நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மேனேஜருக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் வெப்சைட்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பிரமாதம்யா! சேர்ந்த அன்னைக்கே என்னை இப்படி விழுந்து விழுந்து யாரும் கவனிச்சதில்ல. நான் இருக்கிற வரைக்கும் வெப்சைட் உன் கையிலதான்!"

வெப்சைட்காரரின் கால் தரையில் பாவவில்லை.

அப்போது கீழ்த்தள வரவேற்பறைப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணே, நம்ம புது மேனேஜர் காலையிலேர்ந்து கீழ என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. இந்த சாரைத்தான் மேல் மாடி கம்பெனியில அவங்க புது மேனேஜரைக் காணோம்னு தேடிட்டிருக்காங்க!"