பொண்டாட்டி பரீட்சைக்கு என் இடுப்பு

என் பொண்டாட்டி என் உச்சந்தலையில ரெண்டு கையையும் வச்சு, பூவைத் தொடுற மாதிரி லேசா அமுக்கினா. நான் "ஐயோ, இடுப்பு! இடுப்பு!"ன்னு அலறினேன்.

அங்கதான் எல்லாமே நாசமாப் போச்சு.

சுத்தி வெள்ளைக் கோட்டோட நின்ன மொத்த வகுப்பும் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குது. பரீட்சை வைக்க வந்த மேடம் மட்டும் சிரிக்கல.

"தலையை அமுக்கினா இடுப்பு ஏம்மா வலிக்குது?"

"வலிக்காது மேடம். வலிக்கிற மாதிரி நடிக்கிறவங்களுக்கு மட்டும் வலிக்கும்"ங்கறா. கட்டின புருஷன்ங்க நான்!

நியாயத்தை நீங்களே சொல்லுங்க. பாப்பா வயித்துல இருந்தப்ப பாதியில விட்ட பிசியோதெரபி படிப்பு. பாப்பா பள்ளிக்கூடம் போனதும் மறுபடி சேர்ந்துக்கறேன்னா. நானும் பெருந்தன்மையா "படிம்மா"ன்னேன். படிக்கிறதுன்னா சோஃபாவுல சாஞ்சு புத்தகத்தைப் புரட்டுறதுன்னு நினைச்சேன். நெசமாவே காலேஜுக்குக் கிளம்பிப் போவான்னு யாரு கண்டா?

அன்னிலேருந்து பாப்பாவுக்குத் தலை பின்னுறது நான். பின்னி முடிச்சா குழந்தை கண்ணாடியைப் பாத்து அழுவுது. சட்டை தேய்க்கிறது நான். இந்தப் பக்கம் தேச்சா அந்தப் பக்கம் கசங்குது. நான் வெங்காயம் உரிச்சிட்டுப் போற கண்ணைப் பாத்து, ஆபீஸ்ல "வீட்ல ஏதாவது துக்கமா?"ன்னு கேக்குறாங்க. துக்கம்தான்!

செய்முறைப் பரீட்சைக்கு மட்டும் அவ போகலைன்னா இந்த வருஷமே போச்சு. அலுத்துப்போய் வீட்லயே இருந்துடுவா. இதான் என் மாஸ்டர் பிளான். பரீட்சையன்னிக்குக் காலையில கூடத்துல தரையோட தரையாப் படுத்துட்டேன்.

"என்னங்க, குப்புறக் கிடக்குறீங்க?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சும்மா. அசைய முடியல. நீ பக்கத்துல இல்லைன்னா செத்தே போயிடுவேன்."

அவ என்னையே பாத்தா. கண்ணு பளபளன்னு மின்னுச்சு. கண்ணீர்னு நினைச்சேன், மடையன்.

"பரீட்சை கிடக்குது, விடுங்க. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஆஸ்பத்திரி எதுக்கும்மா? நீ பக்கத்துல உக்காந்தாலே..."

"டாக்ஸி வந்துடுச்சு. முனகிக்கிட்டே வாங்க."

வழியெல்லாம் முனகினேன். டாக்ஸி டிரைவரே கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஒரு ரூம்ல கட்டில்ல உக்கார வச்சாங்க. திரும்பிப் பாத்தா, இவ வெள்ளைக் கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கிட்டு நிக்குறா!

"ஏய், இது உன் காலேஜா?"

"காலேஜும் ஆஸ்பத்திரியும் ஒரே கட்டடம்ங்க. பெரிய மேடமே வந்து பாப்பாங்க. எங்க வலிச்சாலும் வெக்கப்படாம கத்துங்க."

கத்தினேன். அதான் முதல்லயே சொன்னேனே.

இப்ப மேடம்கிட்ட விளக்குறா: "ஆளுக்கொரு நோயாளிய நாங்களே கூட்டிட்டு வரணும்னீங்க மேடம். எனக்குன்னு பாத்து 'பொய் வலி' தலைப்பு விழுந்துச்சு. நிஜ வலிக்காரங்க ஊர் பூரா இருக்காங்க. பொய் வலிக்காரரை எங்க தேடுவேன்? காலையில கண்ணைத் தேச்சுக்கிட்டு வந்து பாத்தா, கூடத்துல கிடக்குறாரு!"

"நான் நடிக்கல!"ன்னு கத்தினேன். மானப் பிரச்சனைங்க!

மேடம் யோசிச்சாங்க. "ஒரு சோதனை போதாது. வலியே இல்லைன்னு நிரூபிக்க முடியுமா?"

இவ மேடம் காதுல ஏதோ ஓதினா. மேடம் நிமிந்தாங்க. மூஞ்சியைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு, "மன்னிச்சுக்கம்மா, நீ ஃபெயில். வீட்டையும் பாத்துக்கிட்டு படிக்கிறேன்னு உன்னை யாரு வரச்சொன்னது?"ன்னாங்க.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அந்த ஆத்திரம்! கட்டில்லேருந்து ஒரே தாவு.

"யாரைப் பாத்து ஃபெயில்ங்கறீங்க? குக்கர் விசிலுக்கு நடுவுல எலும்பு பேரெல்லாம் மனப்பாடம் பண்ணவ மேடம் இவ! பாப்பாவைக் குளிப்பாட்டும்போதே முதுகெலும்பை எண்ணிப் படிச்சவ! தரையில இப்படிக் குனிஞ்சு, இப்படித் திரும்பி, இப்படி உக்காந்து படம் வரைஞ்சவ!"

குனிஞ்சு காட்டினேன். திரும்பிக் காட்டினேன். சப்பணம் போட்டு உக்காந்து, கையை ஊனாம எந்திரிச்சும் காட்டினேன்.

மேடம் என் இடுப்பையே பாக்குறாங்க.

"பாத்தீங்களா மேடம்?"ங்கறா என் பொண்டாட்டி. சொல்லிட்டு, கோட்டு நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"முழு மார்க்"னாங்க மேடம். "சரி, இவருக்கு என்ன சிகிச்சை?"

"ஓய்வே கூடாது மேடம். வீடு கூட்டணும், துடைக்கணும், துணி காயப்போடணும். நான் படிச்சு முடிக்கிற வரைக்கும்."

கைதட்டுறாங்க எல்லாரும்! அதுல ஒருத்தி "சார் ரொம்ப நல்ல கேஸ்"ங்கறா!

வயித்தெரிச்சல்ல கேக்குறேன். பொண்டாட்டி பாஸாகக் கூடாதுன்னு படுத்தவன், அவ ஃபெயில்னதும் பொறுக்காம குதிச்சு மாட்டிக்கிட்ட கதை உங்க வீட்லயும் நடந்திருக்கா? நடந்திருந்தா சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு இன்னும் மாடிப்படி பாக்கி இருக்கு.