கைராசிக்காரி போட்ட மருதோண்டி

கல்முனைப் பக்கத்தில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயர் நிலைத்ததற்குக் காரணம் என் கையுமல்ல, ராசியுமல்ல. இன்னொருத்தி சொன்ன ஒரு பொய். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. (எழுதாமல் செத்துப்போவது இன்னும் கூச்சம்.)

நாட்டு வைத்தியம் பார்க்கத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்தக் கதை நடந்தபோது, அதாவது எழுபத்தெட்டாம் வருடச் சூறாவளிக்கு அடுத்த வருடம், எனக்கு இருபத்தாறு வயது. வாப்பாவின் வழியில் வந்த பரிசாரித் தொழிலோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குள் ஒரு கலைஞி வேறு குடியிருந்தாள். வாசிக்கத் தெரியாத பெண்களுக்காக மருந்து மடித்துக் கொடுக்கும் காகிதச் சரைகளின் மேல் அந்தந்த மூலிகையின் படத்தைக் கீறிக் கொடுப்பேன். இலைச்சாற்றிலும் மஞ்சளிலும் அதற்கு வர்ணம் வேறு. எவ்வளவு குடிப்பது, எத்தனை நாள் குடிப்பது என்பதையெல்லாம் கவியாகக் கட்டிவிடுவேன்:

ஆடாதோடைக் கஷாயம் அரைக்கோப்பை வெறுவயித்தில்
ஓடாம நிண்டு குடி, ஒரு கிழமை என் கிளியே.

இதைப் பாடிப் பாடிக் குடித்தவர்களுக்கு இருமல் நின்றதோ இல்லையோ, பாட்டு நிற்கவில்லை. ஊர் மெச்சியது. என் தலை கனத்தது.

அந்த நேரத்தில்தான் என் கணவரின் தங்கை றஹீலாவுக்குக் கலியாணம் முடிவானது. அவளுக்கு இருபது வயது. முறைக்கு நான் மதினி, பழக்கத்தில் கூட்டாளி. என் கஷாயத்தை முகம் சுளிக்காமல் குடித்த ஒரே மனுஷி அவள்தான்.

"எனக்கு மருதோண்டி நீங்கதான் போடோணும் மதினி," என்றாள்.

எனக்கு அது போதாதா? அந்தக் காலத்தில் மணப்பெண்ணுக்கு மருதோண்டி என்றால் உள்ளங்கையில் ஒரு வட்டம், விரல் நுனிகளுக்குத் தொப்பி, அவ்வளவுதான். என் கணவர் மருதமுனையில் கைத்தறி நெய்தவர். அவர் சாரிக் கரையில் போடும் பூங்கொடியை அப்படியே இவள் கையில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஆனால் சூறாவளி எங்கள் மருதோண்டிப் பற்றைகளை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது. மிச்சத்தில் துளிர்த்த இளம் இலையை அரைத்துப் பார்த்தால் நிறமே பிடிக்கவில்லை. ஈர்க்குக் குச்சியால் கீறும் மெல்லிய கோட்டுக்கு நல்ல கறுப்பு வேண்டும். அப்போதுதான் மருந்தறையில் இருந்த சேங்கொட்டை என் கண்ணில் பட்டது.

சேங்கொட்டை என்பது சலவைக்காரர்கள் துணியில் குறி போடும் கொட்டை. அதன் நெய் பட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது. தோலில் பட்டால் பலருக்கு வெந்து கொப்புளிக்கும். மருந்துக்கு எடுப்பதென்றால் புளியிலையோடு அவித்துச் சுத்தி செய்ய வேண்டும். சுத்தி செய்தால் நஞ்சு போய்விடும், கறுப்பும் போய்விடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதவள் செய்தால் பிழை என்று சொல்லலாம். தெரிந்தவள் செய்தால் அதற்கு என்ன பெயரோ, நான் அறியேன். சாகாமத்திலிருந்து ஒரு நோயாளி கொண்டுவந்து தந்த பச்சைக் கொட்டையில் நெய் எடுத்து, மருதோண்டியில் இரண்டு துளி விட்டேன். (சரி, நாலு.)

கண்மூடித்தனமாகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் என் மணிக்கட்டில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சின்ன வயதிலிருந்து அந்தக் கொட்டையோடு புழங்கிய எருமைத் தோல் அது என்பது மட்டும் என் புத்தியில் படவில்லை.

கலியாணம் வியாழக்கிழமை. செவ்வாய் பின்னேரம் போட்டேன். புதன் காலையில் கழுவியபோது கறுகறுவென்று கொடி படர்ந்திருந்தது. பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்து, "இது கையா, சாரிக் கரையா?" என்று கேட்டார்கள். என்ன கலந்தாய் என்று கேட்டவர்களிடம் தொழில் ரகசியம் என்றேன்.

றஹீலா மட்டும், "மதினி, இலேசாக் கடிக்குது," என்றாள்.

"நல்லா ஏறினாக் கடிக்கும்தான் புள்ள," என்றேன்.

என் தொழிலில் நான் சொன்ன எத்தனையோ வார்த்தைகளை மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை. அப்போதே எண்ணெய் பூசியிருந்தால் பாதி துன்பம் குறைந்திருக்கும்.

வியாழன் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் வீங்கிப் பணியாரம் போல இருந்தன. நான் கீறிய கொடி, இலை பிசகாமல், மொட்டுப் பிசகாமல், கொப்புளமாக எழும்பியிருந்தது. நான் போட்ட சித்திரங்களிலேயே எழும்பி நின்றது அது ஒன்றுதான். மற்றவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

"என்ன மதினி செய்யிற?" என்று கேட்டாள். கோபமே இல்லை. என்னை நம்பித்தான் கேட்டாள். தேங்காய் எண்ணெய் பூசினேன், தேங்காய்ப் பாலில் துணி நனைத்துச் சுற்றினேன். எரிவு கொஞ்சம் அடங்கியது, வீக்கம் வற்றவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா ஆசியா மாமி காப்புப் போட வந்தார். காப்பு விரல் முட்டியிலேயே நின்றுவிட்டது. மாமி துணியை விலக்கிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது?"

பெண்ணுக்குத் தோல் வியாதி என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் கலியாணம் நின்றுவிடும். நான்தான் செய்தேன் என்று தெரிந்தால் என் மருந்தறைப் பக்கம் ஈ, காக்கைகூட வராது. நான் வாயைத் திறந்தேன். அல்லாஹ் அறிய, திறந்தேன். சத்தம் வருவதற்குள் றஹீலா முந்திக்கொண்டாள்.

"முந்தாநாள் றால் திண்டன் மாமி. எனக்கு றால் ஒத்துக்கொள்ளாது. ஆசைக்குத் திண்டுட்டன்."

மாமி என் பக்கம் திரும்பினார். "நீங்க பரிசாரி. சொல்லுங்க, இது றாலாலதானா?"

"ஓம் மாமி," என்றேன். "றால் பொல்லாத கரப்பான், தோலக் கொப்புளிக்க வெச்சிரும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். றாலின் சூடு இரத்தத்தில் எப்படி ஏறும், அது ஏன் கைக்கு வரும், காலுக்கு ஏன் வராது, மருதோண்டிக் கோட்டின் வழியே ஏன் கொப்புளிக்கும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மாமிக்குத் திருப்தி. காப்புகளை லேஞ்சித் துணியில் முடிந்து மருமகளின் மடியில் வைத்தார். நிகாஹ் முடிந்து கை பிடிக்கிற நேரம், மாப்பிள்ளை சலீம் அவள் முழங்கைக்கு மேலே மெதுவாகப் பிடித்து, "நோகுதா?" என்று கேட்டாராம்.

பதினைந்து நாளில் கை ஆறியது. அவ்வளவு பொல்லாத கரப்பானை ஆற்றியவள் என்று ஊர் என்னைக் கொண்டாடியது. கைராசிக்காரி ஆனது அப்படித்தான்.

றஹீலாவோ றால் என்றால் உயிரை விடுகிறவள். கடல் பக்கத்தில் பிறந்து வேறு எப்படி இருப்பாள்? எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியேறினார். வந்த முதல் கிழமையே அந்த வீட்டுக்குள் றால் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாமி வீட்டு விருந்தில் இவளுக்கு மட்டும் தனியாக ஒரு கோழிக் கறி.

இரண்டு வருடம் கழித்து நான் ஒரு கஷாயம் காய்ச்சிக்கொண்டு போய், மூன்று மாதம் குடித்தால் கரப்பான் அடியோடு போய்விடும், பிறகு தாராளமாக றால் சாப்பிடலாம் என்றேன். (அது வெறும் மல்லித் தண்ணீர்.)

"உங்கட மருந்தில எனக்கு நம்பிக்கை இரிக்கு மதினி," என்றார் சலீம். "ஆனா நான் அந்தக் கையப் பாத்தவன்."

இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கலியாண வீடுகளில் சாப்பாடு பரிமாறுகிறவரை மறித்து, "உம்மம்மாக்கு றால் பேரைச் சொன்னாலே சொறியும், அங்கால கொண்டு போங்க," என்பார்கள். சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். றஹீலாவும் சிரிப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

மாதத்தில் ஒரு நாள் மருந்து வாங்குகிற சாட்டில் அவள் என் குசினிக்கு வருவாள். நான் றால் பொரித்து வைத்திருப்பேன். தோலை நானே உரித்துக் கொடுப்பேன். போன மாதம் எனக்குத் தாங்கவில்லை.

"இண்டைக்கே வந்து சலீமிட்ட உண்மையச் சொல்லிடுறன் புள்ள. எனக்கும் வயசு போய்ட்டு," என்றேன்.

அவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"வேணாம் மதினி. எனக்கு இல்லாதது தனக்கும் வேணாம் எண்டு அந்த மனிசன் அந்த நாள்ல இருந்து வெளியிலயும் றால் தொடல்ல. இப்ப போய்ச் சொன்னா அவருக்கு எப்பிடி இரிக்கும்?"

இது எனக்கு அதுவரை தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த றாலை உரித்தேன்.