திருட்டு ஏன் குறைந்தது என்று தெரிந்தவர்

மழை பெய்தால் நனைகிறவர்கள் ஒரு ரகம். நனையாமல் ஒதுங்கி நின்று, மழை ஏன் பெய்தது என்று நனைந்தவனுக்கு விளக்குகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்குக் காரணம்சொல்லி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். திண்டுக்கல் தோல் மண்டித் தெருவில் இருப்பவர் நல்லுசாமி.

புகையிலைக் கமிஷன் கடை அவருக்கு. காலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி காட்டி, பேப்பரை விரித்தாரென்றால், அன்றைக்குப் பேப்பரில் என்ன இருக்கிறதோ அதனால்தான் தெருவில் திருட்டுக் குறைந்திருக்கும். ஒரு காலத்தில் மாதம் தவறாமல் பூட்டு உடைந்த தெரு அது. இப்போது வருஷக்கணக்காக ஒன்றுமில்லை. ஏன்? மதுவிலக்கால் என்றார் முதலில். சாராயம் நிஜமாகவே ஒழிந்ததா என்று கேட்காதீர்கள், அவர் கேட்கவில்லை. கரண்டுக் கம்பம் நட்டதும் வெளிச்சத்தால் என்றார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட ஆரம்பித்ததும், பிள்ளை வயிறு நிறைந்தால் அப்பன் அடுத்தவன் சுவரில் கன்னம் வைக்கமாட்டான் என்றார். அணா போய் நயா பைசா வந்தபோது, திருடன் கணக்குப் புரியாமல் தொழிலையே விட்டுவிட்டான் என்றார். பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு வந்த இந்த வருஷமோ, அந்த மட்டத் தங்கத்தைத் தொடுவது திருடனுக்கே கேவலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு பெயர்தான் அவர் வாயில் வரவில்லை. மொக்கைச்சாமி. சாணார்பட்டிப் பக்கத்து ஆள். அத்தனை வருஷமும் ராத்திரியெல்லாம் தடியைத் தட்டிக்கொண்டு அந்தத் தெருவைச் சுற்றிவந்த காவலாளி. கடைக்காரர்கள் கூடிக் கொடுத்த சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

களவே இல்லாதபோது காவல் எதற்கு என்று வியாபாரிகள் சங்கத்தில் ஒரு நாள் பேச்சு வந்தது. சங்கத் தலைவர் சேக் பரீது, தோல் வியாபாரி, எதையும் விசாரித்துச் செய்கிறவர்.

“நல்லுசாமியண்ணே, நீங்கதான் வெவரமான ஆளு. களவு எதனால கொறஞ்சுச்சுன்னு சொல்லுங்க. அதுல காவலாளியும் இருந்தா வச்சுக்குவம். இல்லாட்டி நிப்பாட்டிருவம்.”

தூங்காத கண்ணோடு வாசலில் நின்ற மொக்கைச்சாமி கொஞ்சம் முன்னால் வந்தார். “அய்யா, அம்புட்டுக் காரணம் வச்சிருக்கீக. ஒரு ஓரமா நம்மளையும் சொருகிவிடுங்கய்யா.”

நல்லுசாமி இரக்கமில்லாதவர் அல்ல. உண்மையிலேயே யோசித்தார். ஆனால், காரணம் என்றால் அதற்கு ஒரு கனம் வேண்டாமா? சர்க்கார் இருக்கலாம், பொருளாதாரம் இருக்கலாம், நாகரிகம் இருக்கலாம். பொத்தான் போன காக்கிச் சட்டையில் எதிரே வந்து நின்று தலையைச் சொறிவதெல்லாம் ஒரு காரணமா?

“ஏலே மொக்கை, நீ சுத்துறது வேலை. காரணம்கிறது வேற.”

“நான் சுத்துனதுனாலதானய்யா அவன் வரல?”

“சரி, எத்தன திருடனப் பிடிச்ச?”

“வரவே இல்லையே, எங்குட்டுப் பிடிக்க?”

“கேட்டுக்கங்க பாய். ஒருத்தனையும் பிடிக்கலேன்னு அவனே சொல்லிட்டான்.”

சபை தலையாட்டியது. ஆடி பிறந்ததும் காவல் நின்றது.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஒரு பூட்டும் உடையவில்லை. நல்லுசாமியின் நடையே மாறிவிட்டது. மொக்கைச்சாமி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். கிடைத்த அன்றைக்குக் கூலி, கிடைக்காத அன்றைக்குக் கூழும் இல்லை. ஒரு நாள் காலை அவர் நல்லுசாமி கடைக்கே புகையிலைச் சிப்பம் சுமந்து வந்தபோது, சேக் பரீது அங்கே உட்கார்ந்திருந்தார்.

“காவலும் இல்ல, களவும் இல்ல. இது எப்படிண்ணே?”

“சுளுவு பாய். காவல் இல்லாத தெருவுல என்ன பெருசா இருந்துரப் போகுதுன்னு திருடன் நெனைக்கிறான். காவல நிப்பாட்டுனமே, அதுதான் காரணம்.”

மொக்கைச்சாமி சிப்பத்தை இறக்கி, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“அப்ப இந்தத் தெருவுல நான் இல்லாம இருக்குறதாலதான் களவு இல்ல. அதுக்காச்சும் ஒரு சம்பளம் போட்டுக் குடுங்கய்யா. நல்லபடியா வராம இருப்பேன்.”

சேக் பரீது சிரித்துவிட்டார். நல்லுசாமி சிரிக்கவில்லை. ஏன் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் தேடிப் பேப்பரை விரித்தார்.

அதெல்லாம் இருக்கட்டும். இவ்வளவும் படித்ததில், அந்தத் தெருவில் திருட்டு நிஜமாக ஏன் குறைந்தது என்று உங்களுக்கே ஒன்று தோன்றுகிறது அல்லவா? மற்றதெல்லாம் சரியில்லை, இதுதான் சரி என்றும் படுகிறதே? நல்ல காரணமாகத்தான் இருக்கும். தயவுசெய்து சங்கத்தில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் ராத்திரியெல்லாம் தடியைத் தட்டிக்கொண்டு சுற்றுகிறார். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்.