ஷேடு கார்டும் சிவந்த மண்ணும்

கடவுள் எல்லாவற்றையும் தப்பான கலரில் படைத்துவிட்டார் என்று முழு மனதோடு நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஷேடு கார்டுதான்.

நெல் வயலைப் பார்த்தால், "பச்சை இன்னும் ஒரு முக்கு முக்கியிருக்கலாம்" என்பார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்க்க மாட்டார், புடவையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மா காதில் விழும்படி, "பார்டர்ல சாயம் நிக்காது. மொத தொவைக்கே சண்டதான்" என்பார். சண்டை துவைக்கும் வரை காத்திருக்காது, பந்தியிலேயே ஆரம்பித்துவிடும்.

சேவூர் ரோட்டில் மூடிக்கிடக்கும் பட்டு நூல் சாயப்பட்டறையில் தலைமைச் சாயக்காரராக இருந்தவர் அவர். முதலாளி பூட்டைப் போட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். இவரோ கலருக்கு ஒன்றாக நூல் துண்டுகள் ஒட்டிய பட்டறையின் ஷேடு கார்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டார். அந்த அட்டையின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

டீக்கடையில் கிளாசை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுமை இழந்தார். "யோவ் பெருசு, குடிக்கப் போறியா, இல்ல நூல முக்கப் போறியா?" பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது நலம் விசாரிக்கப் போனவர், "மாம்பழ மஞ்சள், சும்மா சொல்லக்கூடாது, ஈவனா ஏறிக்கீது" என்று பாராட்டிவிட்டு வந்தார். அந்த வீட்டம்மா துடைப்பத்தோடு தெருமுனை வரை துரத்தினார்.

இப்படிப்பட்டவரால்தான் எஸ்தர் டீச்சரின் கட்டடம் கெட்டது. அப்படித்தான் நாங்கள் முதலில் சொன்னோம்.

எஸ்தர் டீச்சர் எங்கள் தெரு அங்கன்வாடியை ஓர் ஒழுகும் வாடகை அறையில் நடத்திவந்தார். மழை வந்தால் பிள்ளைகள் குடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. பல வருடம் மனு கொடுத்து, கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. அந்தச் சாயப்பட்டறை இடமேதான். கூரை விழுந்து, உள்ளே சீமைக்கருவேலம் வளர்ந்து, கிணறு பாசி பிடித்துக் கிடந்தது.

காண்ட்ராக்டர் வந்து இடத்தை ஆய்வு செய்தார். அதாவது செருப்புக் காலால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினார். "சூப்பர் மண்ணு டீச்சர்!"

"மண்ண டெஸ்ட் பண்ண வேணாங்களா?" என்று கேட்டேன்.

"இன்னா சார், நாம இன்னா அணு உலையா கட்டப்போறோம்?"

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

பூமி பூஜைக்கு வைகாசியில் நாள் பார்த்தார்கள். ஷேடு கார்டு பெரணமல்லூரில் மகள் வீட்டுக்குப் போகும் நாளாகப் பார்த்தார்கள் என்பதே உண்மை. இல்லாவிட்டால் ஐயரின் குங்குமத்தில் குறை சொல்வார்.

முதல் கடப்பாறை இறங்கியதும் மண் சிவப்பாக வந்தது. செம்மண் சிவப்பு இல்லை, ஈரக் குங்குமம். கூட்டத்தில் ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. நூலைத் தூரத்தில் பார்த்தே கலர் பெயர் சொல்லும் நெசவாளிகள் அத்தனை பேர் நின்றிருந்தோம். சாயப்பட்டறை மண்ணில் சாயம் இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

முதலில் விழுந்து கும்பிட்டவர் காண்ட்ராக்டர்தான். எழுந்திருக்கும்போது முகத்தில் கோபுரமே தெரிந்தது. "பால்வாடிய அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல கோயிலு. ஆடி வெள்ளிக்கு இந்தக் கெணத்துத் தண்ணியிலயே கூழு காச்சி ஊரு பூரா ஊத்தறோம்!"

"அப்ப எங்க புள்ளைங்க?" என்றார் டீச்சர். யார் காதிலும் விழவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சர்ச்சுக்குப் போறவ நான். இதுல வாயத் தொறந்தா வேற மாதிரி ஆயிடும் சார்."

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ்ஸிலிருந்து ஷேடு கார்டு இறங்கினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார், ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார், எச்சில் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் காட்டினார். முகம் மலர்ந்துபோயிற்று.

"இது என்னுது!"

"இன்னாயா உன்னுது?"

"இந்த அரக்கு! நான் ஊத்துனது. எத்தினி மழ பேஞ்சிக்கீது, ஒரு பொட்டு மங்கிக்கீதா பாரு!"

"பெருசு, சாமி விஷயத்துல பேஜார் பண்ணாத. ஜல்தியா கெளம்பு" என்றார் காண்ட்ராக்டர்.

"சாமி இல்லன்னு நான் எங்கயா சொன்னேன்? சாமி எங்க வேணா இருக்கும். இது என் சாயம். அந்த மூலைல தோண்டு, மயில் கழுத்து வரும். கெணத்தாண்ட தோண்டு, வாடாமல்லி வரும்."

தோண்டினார்கள். வந்தது. சாமியாடிய அம்மாவே நின்று பார்த்து, "ஐயே, என் கல்யாணப் பொடவ கலரு!" என்றார்.

ஷேடு கார்டு அரசன் மாதிரி நின்றிருந்தார். அப்போதுதான் டீச்சர் கேட்டார்: "அப்ப இத்தினி வருஷமும் சாயத் தண்ணியெல்லாம் இங்கயேதான் ஊத்துனீங்களா? இதும்மேலயா என் புள்ளைங்கள உக்கார வெக்கப் பாத்தேன்?"

ஷேடு கார்டு தன் உள்ளங்கையைப் பார்த்தார். கையிலிருந்த மண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

தெருவே அவரைத் திட்டியது. கிணற்றைக் கெடுத்தவன், கட்டடத்தைக் கெடுத்தவன், சாமியையும் விரட்டியவன். முதலாளியை யாரும் திட்டவில்லை, அவர் காரில் போகிறவர். டீச்சர் ஷேடு கார்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரிகள் வந்து மண்ணும் தண்ணீரும் எடுத்துப் போனார்கள். இரண்டுமே உதவாது என்று முடிவு வந்தது. பட்டறையின் பழைய குழிகள் எங்கே என்று கேட்டபோது வம்பு எதற்கென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். "காட்டிக் குடுத்தா உம்மேலதான் கேஸ் வரும்" என்று ஷேடு கார்டைப் பயமுறுத்தியும் வைத்திருந்தோம். அவர் பாட்டுக்குப் போய் ஒவ்வொரு குழி மேலும் நின்று காட்டினார்.

மண்ணை அள்ளும் வேலையும் அதே காண்ட்ராக்டருக்குத்தான் போனது. சாமி போனாலும் காண்ட்ராக்ட் போகவில்லை. அவர் மேலாகச் சுரண்டி முடிக்கப் பார்த்தார். ஷேடு கார்டு குழிக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடியில கரும்பச்சை கீதுயா! ஊத்துனவனுக்குத் தெரியாதா? அத்த எடுக்காம நான் ஏற மாட்டேன்."

மெஷின் நின்றது. கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். மத்தியானம் டீச்சர் குடையோடு வந்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் இறங்கும்வரை போகவில்லை. காண்ட்ராக்டர் இறங்கி வந்தார், அடி மண்ணையும் அள்ள ஒத்துக்கொண்டார். லாரி லாரியாகத் தார்ப்பாய் போட்டு மண் போயிற்று.

இப்போது அந்த இடம் சிமெண்ட் தளம். காலையில் நெசவாளிகள் அங்கே தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டுகிறார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். அங்கன்வாடி ரோட்டுக்கு அந்தப் பக்கம், மண்ணைச் சோதித்துப் பார்த்த இடத்தில், குழாய்த் தண்ணீரோடு வந்துவிட்டது. திறப்பு விழாவில் டீச்சர் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார். அவர் சுவரைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

என் மகள் தினமும் அங்கே தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். அவள் வீட்டுக்குள் ஓடிவரும்போதெல்லாம் அந்த வாய் அடங்காத மனுஷன் நூறு வயசு இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். தயவுசெய்து இதை அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் அவரைத் தெருவில் தாங்க முடியாது.